மாட்டுத்தீவன மூட்டையில் பொய் எழுதியிருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலைந்து கறவை மாடு வைத்திருப்பவர்களும் தீவனக்கடை நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மனு எழுதும்போது உதவும் என்பதால் சட்டப் பிரிவுகளை எண்ணோடு கொடுத்திருக்கிறேன். மாடு செத்துப்போய்ப் பெரிய தொகை கேட்கிற வழக்கு என்றால், இதைப் படித்துவிட்டு ஒரு வக்கீலையும் பாருங்கள்.

மூட்டையில் புரதம் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது. லேபில் கொடுத்துப் பார்த்தால் 18 வருகிறது. இது மோசடிதானே?

அவசரப்பட வேண்டாம். அந்த 20 எந்தக் கணக்கில் போட்டது என்று முதலில் பாருங்கள். கலப்புத் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2052. அதில் புரதம், கொழுப்பு, நார், மணல் எல்லாம் ஈரத்தைக் கழித்த உலர் கணக்கில்தான் வரும். தீவனத்தில் 11 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். உலர் கணக்கில் 20 சதவீதப் புரதம் உள்ள தீவனத்தை 11 சதவீத ஈரத்தோடு அப்படியே சோதித்தால் 17.8தான் வரும். ஆகவே லேப் அறிக்கை 18 என்றால், பெரும்பாலும் மூட்டை சொன்னது சரி.

லேபில் கொடுக்கும்போதே "உலர் கணக்கிலும் போட்டுத் தாருங்கள், ஈரம் எவ்வளவு என்றும் எழுதுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு வரி இல்லாத அறிக்கையை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் கிழித்துப் போட்டுவிடுவார். உலர் கணக்கிலும் 14, 15 என்று வந்தால் அப்போது பேசலாம்.

அப்படியானால் எதையெல்லாம் லேபிள் பொய் என்று சொல்லலாம்?

புரதம் குறைவு என்பது ஒன்று. உமியையும் மணலையும் சேர்த்துவிட்டுத் தவிடு, புண்ணாக்கு என்று எழுதுவது இன்னொன்று. லைசென்ஸ் இல்லாமல் ஐஎஸ்ஐ முத்திரை குத்துவது, பெயர்பெற்ற கம்பெனியின் காலி மூட்டையை வாங்கி உள்ளூர்ச் சரக்கை நிரப்பித் தைப்பது, 50 கிலோ என்று எழுதி 47 கிலோ போடுவது, பழைய சரக்கின் தேதியை மாற்றி ஒட்டுவது, இவை எல்லாம் வெவ்வேறு சட்டத்தில் வருகிற குற்றங்கள். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கொட்டி எல்லா ஆபீசுக்கும் அனுப்பினால், "இது எங்கள் வேலை இல்லை" என்று எல்லா ஆபீசும் திருப்பி அனுப்பும். எந்தப் பொய், எந்த அதிகாரி என்று பிரித்துக்கொள்வதுதான் பாதி வேலை.

யூரியாவைக் கலந்து புரதத்தைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்கிறார்களே, அது எப்படி?

லேப் புரதத்தை நேராக அளப்பதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 46-ஐ 6.25 ஆல் பெருக்கினால் 287. அதாவது நூறு கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியாவைப் போட்டால் காகிதத்தில் கிட்டத்தட்ட மூன்று சதவீதப் புரதம் கூடிவிடும். கடலைப் புண்ணாக்கு விற்கிற விலைக்கு இது எவ்வளவு பெரிய லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2007-இல் அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் பிடிபட்ட மெலமைன் (பிளாஸ்டிக் செய்ய உதவும் ரசாயனம்) விவகாரமும் இதே கணக்குதான். சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்ற பெயரில் வந்த சரக்கில் மெலமைன் கலந்திருந்தது. மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதில் மிஞ்சியது பன்றி, கோழித் தீவனத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. இறக்குமதி செய்த நிறுவனம், கலப்படம், பொய் லேபிள் இரண்டுக்கும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூரியா என்றாலே குற்றம் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் யூரியாவைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். ஐஎஸ் 2052-உம் ஒரு வகைத் தீவனத்தில் சிறிதளவு அனுமதிக்கிறது. கன்றுக்குட்டிக்கு அது ஆகாது. பசியோடு இருக்கிற மாடு அளவுக்கு மீறித் தின்றாலும் வயிறு உப்பி, நடுங்கி, சில மணி நேரத்தில் செத்துப்போய்விடும். கலந்ததை மறைத்துப் புண்ணாக்குப் புரதம் என்ற பெயரில் விற்கும்போதுதான் அது பொய் லேபிள் ஆகிறது. லேபில் "யூரியா தனியாகப் பாருங்கள்" என்று கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். கேட்காவிட்டால் மொத்தப் புரதம் மட்டும்தான் வரும், நல்ல சரக்கு என்றே தோன்றும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. தீவன ஆலையில் கலக்கப்படுவது விவசாயிக்கு மானியத்தில் வருகிற வேப்பம் பூச்சு யூரியாவாக இருந்தால், 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் 25-ஆவது பிரிவின்படி அது குற்றம். மண்ணுக்குப் போட வேண்டிய உரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. உரம் இன்றும் அத்தியாவசியப் பொருள்தான், எனவே அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் தண்டனை அப்படியே பொருந்தும். உர ஆய்வாளர் வேளாண்மைத் துறையில் இருக்கிறார். ஆலைக்குள் யூரியா மூட்டை இறங்குவதைப் பார்த்தீர்கள் என்றால் கால்நடைத் துறைக்குப் போகாமல் நேராக அங்கே போங்கள். ஆலைக்குள் நுழைந்து சரக்கைப் பிடிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது.

விதைக்குச் சட்டம் இருக்கிறது, உரத்துக்கு இருக்கிறது. தீவனத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாதா?

நாடு முழுவதற்குமான சட்டம் என்று ஒன்றும் இல்லை. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் முதல் வரிசையிலேயே "புண்ணாக்கு, அடர்தீவனம் உள்ளிட்ட கால்நடைத் தீவனம்" இருந்தது. அதை வைத்துப் பஞ்சாப் போன்ற மாநிலங்கள் தீவனக் கட்டுப்பாட்டு ஆணைகளும் போட்டன. 2006-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திப் பட்டியலைச் சுருக்கியபோது கால்நடைத் தீவனம் வெளியே போய்விட்டது. தீவனப் பயிரின் விதை மட்டும் பட்டியலில் மிஞ்சியது. விதையில் ஏமாற்றினால் அத்தியாவசியப் பொருள் குற்றம், அந்த விதையில் விளைந்து மூட்டையில் வருவதில் ஏமாற்றினால் கிடையாது.

அதே 2006-இல்தான் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதில் "உணவு" என்பதற்கான விளக்கத்திலேயே, பிரிவு 3(1)(ஜெ)-இல், கால்நடைத் தீவனம் உணவு ஆகாது என்று எழுதி ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே ஓட்டல் சாம்பாரைச் சோதிக்கிற உணவுப் பாதுகாப்பு அலுவலர் உங்கள் தீவன மூட்டையைத் தொட முடியாது. ஆனால் நீங்கள் கறந்து கொடுத்த பாலைத் தொடலாம்! பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் உள்ள அஃப்லாடாக்சின் பி1 என்ற நஞ்சு, மாட்டின் உடம்பில் எம்1 ஆக மாறிப் பாலில் வரும். பாலில் அதற்கு உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். மீறினால் கேள்வி கேட்கப்படுவது பால் விற்றவர். தீவனம் விற்றவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே சௌகரியமாக நிற்கிறார்.

இது ஏட்டுச் சிக்கல் மட்டும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. அஃப்லாடாக்சின் வரம்பு மீறிய மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. இது தீவனம் வழியாகத்தான் வருகிறது, தீவனமோ நாட்டில் எந்தக் கட்டுப்பாட்டிலும் இல்லை என்று ஆணையமே சொன்னது. அப்புறம் 2020 ஜனவரியில், பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கிற கால்நடைக்குக் கொடுக்கும் கடைத் தீவனம் ஐஎஸ் தரத்தில், ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டது. அமலுக்கு வரும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. தீவனத்தைத் தொட அதிகாரம் இல்லாத அமைப்பு, பால் உற்பத்தியாளர் வழியாகத் தீவனத்தைப் பிடிக்கப் பார்த்தது. சுற்று வழிதான், ஆனாலும் முயற்சி செய்தார்களே என்று தோன்றும்.

மாநிலங்கள் தாங்களே சட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆந்திரா 2020-இல் தீவன உற்பத்தி, தரம், விற்பனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. உற்பத்தியாளர், விற்பவர் இருவருக்கும் லைசென்ஸ், சாம்பிள் எடுக்க அதிகாரி என்று நேரான வழி அதில் இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை கீழே சொல்கிற சில்லறைச் சட்டங்களைக் கொண்டுதான் காரியம் பார்க்க வேண்டும்.

மூட்டையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது. நம்பலாமா?

முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். போனில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) "பிஐஎஸ் கேர்" செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர், முகவரி, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது வரை வரும். வேறு ஊர்ப் பெயரோ வேறு பொருளோ வந்தால் அந்த முத்திரை பொய்.

லேபிள் பொய்களில் பிடிக்க எளிதானது இதுதான். பிஐஎஸ் சட்டம் 2016, பிரிவு 17-இன்படி லைசென்ஸ் இல்லாமல் முத்திரை குத்துவதே குற்றம், உள்ளே இருக்கும் சரக்கு நன்றாக இருந்தாலும் சரி. லேப் அறிக்கை தேவையில்லை, மாடு நோயுற்றதாக நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகளே வந்து சோதனை போட்டுச் சரக்கைக் கைப்பற்றலாம். அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம்.

முத்திரையே இல்லை என்பதால் மட்டும் கேஸ் போட முடியாது. "ஐஎஸ்ஐ தரத்தில் தயாரித்தது" என்று முத்திரை இல்லாமல் எழுத்தில் மட்டும் போட்டிருந்தால்? அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தத் தந்திரமும் அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

எடை குறைகிறது. யாரிடம் சொல்வது?

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும், அங்கே போங்கள். சொன்ன எடையைவிடக் குறைத்துக் கொடுத்தால் மூட்டை எந்த அளவாக இருந்தாலும் குற்றம்.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் மூட்டையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகள், 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைகளுக்குப் பொருந்தாது என்றே எழுதப்பட்டவை. தீவனம் பெரும்பாலும் 50 கிலோ மூட்டையில்தானே வருகிறது! இந்த 25 கிலோ வரம்பை எடுத்துவிட 2024 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ஒரு வரைவை வெளியிட்டது. 20, 25 கிலோ பையில் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, விதிகள் முழுதாகப் பொருந்தும்.

பால் விற்றுக் காசு பார்க்கிறேன். நான் "நுகர்வோர்" ஆவேனா?

ஆவீர்கள், நீங்களே உழைத்து அதை நம்பிப் பிழைக்கிறவர் என்றால். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உதவிக்கு ஓரிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் சுயதொழில் சுயதொழில்தான். இருநூறு மாடும் சம்பள ஆட்களுமாக நடக்கிற பண்ணை என்றால் எதிர்த்தரப்பு இந்த இடத்திலேயே மடக்கும். அவர்கள் சிவில் கோர்ட்டுக்குப் போவது நல்லது.

மனுவை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும். சரக்குக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கால அவகாசம் இரண்டு ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பார்ப்பதில் தப்பில்லை, சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும்.

சாம்பிள் எடுப்பது எப்படி? ஒரு கைப்பிடி அள்ளி லேபில் கொடுத்தால் போதாதா?

போதாது. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திறந்த மூட்டையிலிருந்து நீங்கள் தனியாக அள்ளிக்கொண்டு போன சாம்பிளை, "இவர்களே மணலைக் கலந்துவிட்டார்கள்" என்று கம்பெனி சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. அஃப்லாடாக்சின் போன்ற பூஞ்சை நஞ்சோ மூட்டைக்குள் ஒரே மாதிரி பரவியிருக்காது. அங்கங்கே திட்டாக இருக்கும். ஒரு கைப்பிடியில் ஒன்றுமே வராமல் போகலாம், பக்கத்துக் கைப்பிடியில் எக்கச்சக்கமாக வரலாம்.

சந்தேகம் வந்த அன்றே அந்த பேட்ச் தீவனத்தை நிறுத்துங்கள். பிரிக்காத மூட்டை ஒன்றாவது இருந்தால் அதைத் தொடாமல் கட்டைமேல் தூக்கி வையுங்கள், அதுதான் உங்கள் சாட்சி. மூட்டையின் இரண்டு பக்கமும், வாய்த் தையலில் சேர்த்துத் தைத்திருக்கும் சீட்டும், பேட்ச் எண்ணும் தெளிவாகத் தெரிகிறபடி படம் எடுங்கள். அந்தச் சீட்டைப் பிய்த்து எறிகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேட்ச் எண் பெரும்பாலும் அதில் மட்டும்தான் இருக்கும்.

சாம்பிள் எடுக்கும்போது கால்நடை உதவி மருத்துவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ பால் சங்கச் செயலாளரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரையும் கூப்பிடுங்கள், வரவில்லை என்றால் கூப்பிட்டதற்கு ஒரு மெசேஜ் இருக்கட்டும். நாலைந்து மூட்டையின் மேல், நடு, அடி என்று எடுத்துச் சுத்தமான தாளில் கொட்டிக் கலக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலக்குங்கள். கடைசியில் அரை கிலோ அளவில் மூன்று பொட்டலம். ஒவ்வொன்றின் வாயையும் கட்டி, கட்டின்மேல் தாள் ஒட்டி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று லேபுக்கு, ஒன்று எதிர்த்தரப்புக்கு, ஒன்று உங்களிடம். ஈரம் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை உங்கள் வீட்டிலேயே வந்துவிடும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்களுக்குப் பழகிய இடம். மாட்டுத்தீவனத்தையும் பார்ப்பார்கள். புரதம், நார், கொழுப்பு, ஈரம், அமிலத்தில் கரையாத சாம்பல், யூரியா, அஃப்லாடாக்சின் என்று எழுதிக் கொடுங்கள். அமிலத்தில் கரையாத சாம்பல் என்பதுதான் மணலைக் காட்டிக்கொடுக்கும் எண்.

டம்ளர் தண்ணீரில் போட்டு மணல் அடியில் தங்குகிறதா என்று பார்ப்பதெல்லாம் உங்கள் திருப்திக்கு. ஆணையத்தில் செல்லாது.

மாடு எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டது. சாம்பிளே இல்லையே?

அதனால் கேஸ் முடிந்துவிடாது. விதை வழக்கு ஒன்றில், நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷனுக்கு எதிராக விவசாயிகள் போட்ட வழக்கில், 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிற விவசாயி சோதனைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. தீவனத்துக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று உங்கள் வக்கீல் வாதாடலாம். அதே பேட்ச் கம்பெனியிடமோ கடையிலோ இருந்தால் அதை நுகர்வோர் ஆணையமே வரவழைத்து, நுகர்வோர் சட்டம் பிரிவு 38-இன்படி முத்திரை வைத்து லேபுக்கு அனுப்பலாம். 45 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். இதை மனுவிலேயே கேளுங்கள்.

சாம்பிள் இல்லாதபோது உங்களுக்குக் கைகொடுப்பது பால் சங்கத்துப் புத்தகம். தினமும் காலை, மாலை எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று மூன்றாம் ஆள் எழுதி வைத்த கணக்கு அது. பில்லில் உள்ள தேதியையும் புத்தகத்தில் பால் இறங்கின தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேசாமலே பேசும். அதே கடையில் அதே வாரம் வாங்கிய இன்னும் இரண்டு பேரின் புத்தகத்திலும் அப்படியே இறங்கியிருந்தால், நான் கம்பெனி வக்கீலாக இருந்தால் சமாதானம் பேசச் சொல்வேன்.

மாடு செத்திருந்தால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை கட்டாயம். இன்சூரன்சுக்கும் அது வேண்டும்.

பில் கேட்டால், "தீவனத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது, பில் எதுக்கு?" என்கிறார் கடைக்காரர்.

வரி இல்லை என்பது உண்மை. பதிவு பெற்ற வியாபாரி வரி இல்லாத சரக்குக்கும் வழங்கல் ரசீது, அதாவது பில் ஆஃப் சப்ளை, கொடுக்க வேண்டும் என்பதும் உண்மை. பேட்ச் எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள். ஜிபே பண்ணின பதிவு பணம் கொடுத்ததற்குச் சாட்சி, எந்தச் சரக்குக்கு என்பதற்குச் சாட்சி ஆகாது.

போலீசுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் எதற்கென்று தெரிந்துகொண்டு போங்கள். சரக்கு தரம் குறைவு என்று மட்டும் சொன்னால் "இது சிவில்" என்று அனுப்பிவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) மோசடிப் பிரிவு நிற்கும், அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை. காலி மூட்டையை வாங்கி நிரப்புகிறவன், இல்லாத கம்பெனி முகவரியை அச்சடிக்கிறவன், இவர்கள் இதில் வருவார்கள்.

இன்னொரு பிரிவு 350. பழைய தண்டனைச் சட்டத்தில் 487-ஆக இருந்தது. உள்ளே இருக்கும் சரக்கின் தன்மையையோ தரத்தையோ பற்றிப் பிறர் தவறாக நம்பும்படி மூட்டைமேல், பெட்டிமேல் பொய்க்குறி இடுவதே குற்றம், மூன்று ஆண்டு வரை. லேபிள் பொய்க்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. புகாரில் எழுதுகிறவர்கள்தான் குறைவு. பெயர்பெற்ற கம்பெனியின் பையில் போலிச் சரக்கு என்றால் அந்தக் கம்பெனிக்கே தகவல் கொடுங்கள். வணிகச் சின்னச் சட்டத்தின் 103-ஆவது பிரிவில் அவர்களே வந்து நிற்பார்கள், உங்களைவிட வேகமாக.

புகாரை வாங்க மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம்.

நான் தீவனக்கடை வைத்திருக்கிறேன். வந்த மூட்டையை அப்படியே விற்றேன். என்மேலும் கேஸ் போடுகிறார்களே?

நுகர்வோர் சட்டம் பிரிவு 86-ஐப் படியுங்கள். மூட்டையைப் பிரித்திருந்தால், மாற்றியிருந்தால், கம்பெனி சொல்லாத உத்தரவாதத்தை நீங்களாகச் சொல்லியிருந்தால் ("இதைப் போட்டால் ரெண்டு லிட்டர் கூடும்ணே"), அல்லது தயாரித்தவர் யார் என்றே காட்ட முடியாவிட்டால், பொறுப்பு உங்கள் தலைக்கு வரும். கொள்முதல் பில்லும் பேட்ச் கணக்கும் வைத்திருக்கிற கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டிவிட்டு ஓரளவு தப்பலாம். லூசில் அள்ளி விற்கிறவருக்கு அந்த வழி கிடையாது.

"மடிநோய் தீரும், காய்ச்சல் வராது" என்று தீவனப் பையில் போட்டிருக்கிறது. அனுமதி உண்டா?

நோயைத் தீர்க்கும் என்று சொன்ன நிமிடமே அது மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிடும், மருந்து உற்பத்தி லைசென்ஸ் வேண்டும். மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யுங்கள். கோழித்தீவனத்தில் வளர்ச்சிக்கென்று கலந்துகொண்டிருந்த கொலிஸ்டின் மருந்தை உணவுக்கு வளர்க்கும் எந்த உயிரினத்துக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்துவிட்டது. பையில் எழுதாமல் உள்ளே இருந்தாலும் குற்றமே.

வெளிநாட்டில் இதையெல்லாம் எப்படிப் பிடிக்கிறார்கள்?

ஜெர்மனியில் 2010 கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் ஹார்லெஸ் உண்ட் யென்ச் என்ற கொழுப்பு வியாபாரக் கம்பெனி. பயோடீசல் ஆலையில் மிஞ்சிய, தொழிற்சாலை உபயோகத்துக்கு மட்டும் என்று வந்த கொழுப்பு அமிலத்தைத் தீவனக் கொழுப்பில் கலந்து தீவன ஆலைகளுக்கு விற்றது. அதில் டையாக்சின் என்ற நச்சு ரசாயனம் இருந்தது. சுமார் 3,000 டன் கொழுப்பு போயிருந்தது.

விஷயம் வெளியே வந்ததும் 2011 ஜனவரி முதல் வாரத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பண்ணைகளிலிருந்து முட்டையும் இறைச்சியும் வெளியே போகாமல் நிறுத்தினார்கள். எந்தக் கொழுப்பு எந்த ஆலைக்கு, அங்கிருந்து எந்தப் பண்ணைக்கு என்று ஒவ்வொரு கைமாற்றமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால்தான் பண்ணை பண்ணையாகப் போய்க் கதவை மூட முடிந்தது. அந்தக் கம்பெனி அதே மாதம் திவாலானது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் தீவனக் கொழுப்பு விற்கிற நிறுவனங்களுக்கு முன் அனுமதியும் டையாக்சின் சோதனையும் கட்டாயம் என்று விதியை மாற்றியது.

குற்றமே செய்யாத ஆயிரக்கணக்கான பண்ணைக்காரர்கள் வாரக்கணக்கில் வருமானம் இல்லாமல் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடுமையான சட்டம் முதலில் மூடுவது விவசாயியின் கொட்டகையைத்தான். ஆந்திரா மாதிரிச் சட்டம் இங்கே வரும்போது இழப்பீட்டுக்கும் அதில் ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

கம்பெனி பெயரைப் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எச்சரிக்கலாமா?

"இந்த பேட்ச் போட்ட பிறகு என் மாட்டுக்கு இப்படி ஆனது, சாம்பிள் கொடுத்திருக்கிறேன்" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். "விஷம் கலக்கிறான், திருட்டுக் கம்பெனி" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள்மேல் வரும். லேப் அறிக்கை வருவதற்கு முன் அப்படி எழுதி, கடைசியில் தாங்களே மன்னிப்புக் கேட்டு முடித்தவர்கள் உண்டு.

கடைக்காரர் வேறு மூட்டை தருகிறேன், பழசைத் திருப்பிக் கொடு என்கிறார். கொடுக்கலாமா?

மாற்று மூட்டையை வாங்கிக்கொள்ளலாம், அதனால் உங்கள் உரிமை போய்விடாது. பழைய மூட்டைகளில் பிரிக்காத ஒன்றையும் வாய்ச்சீட்டையும் மட்டும் கொடுக்காதீர்கள். மற்றதைக் கொடுக்கும்போது எத்தனை மூட்டை, என்ன பேட்ச், ஏன் திருப்புகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் நீட்டுகிற தாளில் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுப் போடுங்கள். அடிக்க விடமாட்டேன் என்றால் மூட்டையும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.